புல்வெட்டும் மிஷினில் அம்மா போட்ட முடிச்சு

ஒக்கலிபுரம், பெங்களூர்
டிசம்பர் 1999

அன்பும் மரியாதையும் உள்ள சிவசங்கரன் மாமாவுக்கு,

தர்ஷினி எழுதுவது. இங்கே கிரைண்டரைத் தவிர எல்லோரும் நலம். அங்கே ஜெயலக்ஷ்மி அத்தையும் நரேஷும் கிரணும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டுக் கிரைண்டரும் நலமாக இருக்கட்டும்.

சனிக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டில் இருந்தபோது நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம். "மாமா, கோளாறு கேபிளில் இல்லை, பெல்ட்டில் இல்லை, அம்மா ஆயுத பூஜைக்குக் கட்டிய மஞ்சள் கயிற்றில் இருக்கிறது." காலையில் நீங்கள் சந்தாபுரா பஸ்ஸில் வந்து இறங்கி, ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தபோதே அது என் நாக்கு நுனியில் இருந்தது. மாலையில் துண்டில் கை துடைத்துக்கொண்டு "இனிமே கவலையே இல்ல கண்ணு" என்றபோதும் அங்கேயேதான் இருந்தது. நடுவில் நான் பேசியதெல்லாம் "காபி போடட்டுமா மாமா", "இந்தாங்க திருப்புளி", "அந்தத் தைலம் அம்மாவோடது மாமா" என்கிற அளவுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அப்பா உங்களுக்கு போனில் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, பூத்துல ஆளு நிக்கறாங்க, வச்சுடறேன்" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதில் உண்மை, பூத்தில் ஆள் நின்றது மட்டும்தான். ஆகவே இந்தக் கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பா வேலை பார்த்த பாக்டரியின் கெஸ்ட் ஹவுஸில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து "ஃபாரின் மிஷின் மச்சான், விடாதீங்க" என்று அப்பாவின் விலாவில் இடித்துக் கையைத் தூக்க வைத்தவர் நீங்கள். பச்சை பெயிண்ட் உரிந்த அந்தப் புல்வெட்டும் மிஷின் வந்த புதிதில் ஒழுங்காகவே வேலை செய்தது. பெட்ரோல் இன்ஜின். கைப்பிடியில் இரண்டு லீவர். இடது லீவரை இழுத்தால் மிஷின் தானாக நடக்கும், வலது லீவரை இழுத்தால் முன்னால் இருக்கிற உருளை சுற்றும், உருளையில் முறுக்கிக்கொண்டு இருக்கிற பிளேடுகள் புல்லை நறுக்கும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் பிளாட்டுகளுக்கு நடுவில் இருக்கும் புல்தரையைச் சுற்றி வருவார். பாக்டரியில் முப்பது வருஷம் ஸ்டோர்ஸில் பேரேடு பார்த்தவருக்கு ஸ்கூட்டரைத் தவிர ஒரு மிஷினை ஓட்டக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

ஆயுத பூஜையன்று அம்மா வழக்கம்போல வீட்டில் சுற்றுகிறது, நறுக்குகிறது, ஓடுகிறது எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கட்டினாள். தையல் மிஷின், கிரைண்டர், அரிவாள்மனை, அப்பாவின் ஸ்கூட்டர், கடைசியாக இது. வலது லீவரின் அடியில் கட்டினாள். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். மறுநாள் காலை அம்மா குளியலறையில் விழுந்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நீங்களும் பார்த்தீர்கள். பேச்சு திரும்பி வந்துவிட்டது, முன்னைவிட அதிகமாகவே வந்துவிட்டது. வலது கையும் வலது காலும்தான் வரவில்லை. ஆக, அந்தக் கயிறுகளில் இருப்பவை அந்தக் கை கடைசியாகப் போட்ட முடிச்சுகள். இதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா ஸ்கூட்டரைத் துடைக்கும்போது கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைப்பார். நான் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும்போது கயிறு நனையாமல் விடுவேன். இவ்வளவுதான். நான் வாயைத் திறக்காததற்கு இதை ஒரு காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் இதுதான் காரணம்.

அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற மமதா மேடம் சொன்னது இதுதான்: "சிமெண்ட் தரையில விழுந்தா அடிபடும்னு ஆன்ட்டிக்கு பயம். அந்த பயம்தான் காலைப் புடிச்சு வச்சிருக்கு. வெளிய நல்லா புல்லு இருக்கே, செருப்பு இல்லாம அதுல நிக்க வைங்க." ஆனால் அம்மா விழுந்த நாளிலிருந்து வெட்டாமல் விட்டதில், மழையும் சேர்ந்து, புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. யாரோ அதில் பாம்பைப் பார்த்தார்கள். அம்மா மட்டுமல்ல, பந்து போனால் பிள்ளைகள்கூட உள்ளே போவதில்லை. அசோசியேஷன் செக்ரெட்டரி கோவிந்தப்பா நோட்டீஸ் ஒட்டினார். ஞாயிறு காலை கூட்டம், புல்தரையை எடுத்துவிட்டு சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்தும் இடமாக்குவது பற்றி முடிவு. அவர் கெட்டவர் இல்லை மாமா. ஒவ்வொரு தடவையும் "மேடம் ஹேகித்தாரே?" என்று அம்மாவைப் பற்றி விசாரிக்காமல் போகமாட்டார். புதுக் கார் வாங்கி மரத்தடியில் விட்டிருக்கிறார், காக்கை தினமும் அதன்மேல் தன் வேலையைக் காட்டுகிறது, அது அவருடைய கஷ்டம். அப்பா போய் அவரிடம் நின்றபோது, "நோடி முனியப்பன் சார், ஒரு தடவை ஆளு வச்சு வெட்டினா முடிஞ்சுதா? வாரா வாரம் யாரு வெட்டறது? உங்க மிஷின் ஓடுதுன்னு கூட்டத்துல எல்லார்க்கும் முன்னாடி காட்டிடுங்க, நானே கை தூக்கறேன் புல்லு இருக்கட்டும்னு. இல்லேன்னா ஏனு மாடோது, என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க" என்றார். அப்பா அன்றைக்கே மிஷினை வெளியே இழுத்து ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஓடியது. மிஷின் நடந்தது. பிளேடு சுற்றவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, "அது நடக்குது, வேலை செய்யல. நான் வேலை வாங்கறேன், நடக்கல. ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டி விடுங்க, முழுசா ஒண்ணு கிடைக்கும்" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. உங்களுக்கு போன் செய்யப் போனார்.

இனி நீங்கள் வந்த நாள். முதலில் கேபிள் என்றீர்கள். "கேபிள் காஞ்சு போச்சு மச்சான், எண்ணெய் காட்டினா சக்கத்தா, ஜோரா வழுக்கும்." அலமாரியில் உங்கள் கைக்கு எட்டியது அம்மாவின் காலுக்குத் தேய்க்கும் தைலம். நான் வாயைத் திறப்பதற்குள் பாதி பாட்டில் கேபிளுக்குள் போய்விட்டது.

"டேய் சிவா, ரெண்டு மாசமா எனக்கு அதைத்தான் தேய்க்கறாங்க. நான் என்ன எழுந்து ஓடறேனா? மிஷினுக்கு மட்டும் கேட்டுடுமா?"

"அக்கா, நீ சும்மா இரு. மிஷின் வேற, மனுஷன் வேற."

"ஆமாம். மிஷினுக்கு ஒண்ணுன்னா கூப்பிட்ட உடனே வந்துடற."

நீங்கள் தைலம் பாட்டிலின் மூடியைத் தேடி, மூடி, இருந்த இடத்திலேயே வைத்தீர்கள். அன்று சாயங்காலம் வரைக்கும் மிஷினிலிருந்தும் அம்மாவிடமிருந்தும் ஒரே வாசனை வந்தது.

பிறகு லீவர். இழுத்தீர்கள், பாதி தூரம் வந்து டக்கென்று நின்றது. உங்கள் முகம் மலர்ந்துபோனது. "பாத்தீங்களா மச்சான், ஸ்டாப்பர்! ஃபாரின்காரன் எவ்ளோ கெட்டியா வச்சிருக்கான் பாருங்க. நம்ம ஊரு மிஷின்னா இந்நேரம் லொடலொடன்னு ஆடும்" என்று அதை நகத்தால் தட்டிக்கூடப் பார்த்தீர்கள். நீங்கள் தட்டியது ஈரோட்டு மஞ்சள், மாமா. கயிற்றில் தொங்கிய கிழங்கு நழுவி, லீவர் போய்வருகிற நீளப் பள்ளமான காடிக்குள் குறுக்காக விழுந்து, எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்து, இரும்பு மாதிரியே உட்கார்ந்திருந்தது. அது இருக்கும்வரை லீவர் முழுதாக வராது, லீவர் முழுதாக வராவிட்டால் பெல்ட் இறுகாது, பெல்ட் இறுகாவிட்டால் பிளேடு சுற்றாது. ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு சுற்றிய பிளேடு. இதைக் கண்டுபிடிக்க ஸ்பானர் பை தேவையில்லை, தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் போதும். அப்போது கயிறு உங்கள் விரலில் பட்டது. "அக்காவா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். அப்பா தலையை ஆட்டினார். நீங்கள் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கயிற்றைப் பூப்போல ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பித்தீர்கள். அப்பா தெருவைப் பார்த்தார். உங்கள் இரண்டு பேருக்கும் அந்த நிமிஷமே விஷயம் தெரிந்துவிட்டதா இல்லையா என்பது எனக்கு இன்னும் தெரியாது. நான் காபி போடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பக்கவாட்டு மூடி திறந்திருந்தது, பெல்ட் உங்கள் கையில் தொங்கியது. "இதான் வில்லன்! தொளதொளன்னு ஆயிடுச்சு." ஞாயிற்றுக்கிழமைக்குள் பெல்ட்டுக்கு எங்கே போவது என்று அப்பா கேட்டார். நீங்கள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். எட்டாம் நிமிஷம் கிரைண்டரின் பெல்ட் புல்வெட்டும் மிஷினில் இருந்தது, கிரைண்டரின் மஞ்சள் கயிறு மட்டும் முடிச்சு கலையாமல் கிரைண்டரிலேயே இருந்தது. "டேய், அரிசி ஊறுதுடா! உளுந்து ஊறுதுடா!" என்று அம்மா கத்தினாள். "ஊறட்டும் அக்கா, நல்லா ஊறினா இட்லி மெத்துனு வரும்." அந்த அரிசி என்ன ஆயிற்று என்று அத்தைக்கு மட்டும் தனியாக எழுதுகிறேன், அவர்களால்தான் அதைத் தாங்க முடியும்.

ஸ்டார்ட் செய்தோம். நடந்தது. சுற்றவில்லை. அதற்குள் மாடி மைக்கேல்ராஜ் அங்கிள் இறங்கி வந்துவிட்டார். "நாங்க லோகோ ஷெட்ல இருந்தப்ப..." என்று ஆரம்பித்து, பிளேடு கீழே இருக்கிற பட்டையோடு உரசுகிறதா என்று பேப்பரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அது சரியான யோசனைதான். பேப்பர் துண்டை நடுவில் பிடித்து, உருளையைக் கையால் மெல்லச் சுற்ற, கத்தரித்த மாதிரி வெட்டியது. அந்தப் பக்கம் வைத்தோம், வெட்டியது. இந்தப் பக்கம் வைத்தோம், வெட்டியது. இன்ஜின் போட்டால் மட்டும் வெட்டாத அந்த பிளேடு கையால் சுற்றும்போது அன்றைய பேப்பர் முழுவதையும், நான் படிக்காமல் வைத்திருந்த ஞாயிறு இணைப்பு இரண்டையும், கடைசியில் எங்கிருந்தோ கைக்கு வந்த அசோசியேஷன் நோட்டீஸையும் வெட்டித் தீர்த்தது. எங்கள் ஆபீஸில் இந்த மாதம் முழுவதும் வருஷம் மாறினால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடுமா என்று ஆளாளுக்கு பயந்துகொண்டிருக்கிறார்கள். நான் அங்கே உட்கார்ந்து, நாளை காலைக்குள் ஒரு மஞ்சள் கிழங்கு நகருமா என்று பயந்துகொண்டிருந்தேன். வாசலில் அம்மா புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக நீங்கள் செய்த இரண்டு காரியங்களைத்தான் சொல்ல வேண்டும். ஒன்று, வலது லீவரில் ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாயைச் செருகி நீளமாக்கினீர்கள். இரண்டு பேர் தொங்கி இழுத்ததில் பெல்ட் தீய்ந்த நாற்றத்தோடு உருளை சோம்பல் முறித்த மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றியது. "சுத்துது பாருங்க!" இன்னொன்று, அப்பாவுக்கு இரண்டு கைதானே இருக்கிறது என்று, இரண்டு லீவரையும் கட்டுக்கம்பியால் சேர்த்து முறுக்கினீர்கள். "இனிமே ஒண்ணை இழுத்தா ரெண்டும் வரும் மச்சான். நாளைக்குக் குழாயைப் புடிச்சு நல்லா இழுங்க, பயப்படாதீங்க, மிஷின் உங்களோடது." விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சந்தாபுராவுக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டீர்கள். மிஷினின் சொந்த பெல்ட்டை, சாம்பிள் காட்டிப் புதிது வாங்குவதாகப் பையில் போட்டுக்கொண்டு போனீர்கள்.

ஞாயிறு காலை கூட்டத்துக்கு எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள். டம்ளரில் காபியோடு வந்தார்கள். அம்மா தன்னையும் வெளியே கொண்டுபோய் உட்கார வைக்கச் சொன்னாள். "என் மிஷினுக்கு பரீட்சை, நான் இல்லாமலா?" நாற்காலியைப் புல்லின் ஓரத்தில் போட்டோம். அப்பா முகச் சவரம் செய்து, ரிட்டயர்மெண்டுக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார். கோவிந்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா ஸ்டார்ட் செய்தார். குழாயை இரண்டு கையாலும் பிடித்தார். இழுத்தார். அவர் அவ்வளவு பலமாக எதையும் இழுத்து நான் பார்த்ததில்லை. உள்ளே எதுவோ களுக்கென்றது, லீவர் ஒரேயடியாகக் கீழே போய்ச் சாய்ந்தது, உருளை ஊளையிட்டுச் சுற்ற ஆரம்பித்தது, மிஷின் புல்லுக்குள் பாய்ந்தது.

வெட்டியது மாமா. என்ன வெட்டு! புல் பின்பக்கமாகப் பறந்து அப்பாவின் சட்டையெல்லாம் பச்சையானது. எல்லோரும் கை தட்டினார்கள். கோவிந்தப்பாகூடத் தட்டினார். மறு ஓரம் வந்ததும் அப்பா திரும்புவதற்காக லீவரை விட்டார். லீவர் திரும்பி வரவில்லை. விஷயம் இதுதான்: அவர் இழுத்த இழுப்பில் லீவர் மஞ்சள் கிழங்கைத் தாண்டிப் போய்விட்டது. முன்னால் போகவிடாமல் தடுத்த அதே கிழங்கு இப்போது அதற்குப் பின்னால் விழுந்து திரும்ப வரவிடவில்லை. நீங்கள் முறுக்கிய கம்பி, கூட இருந்த நடக்கிற லீவரையும் விடவில்லை. மிஷின் போய்க்கொண்டே இருந்தது. அப்பா பின்னாலேயே ஓடினார். நேர் எதிரில் கோவிந்தப்பாவின் கார்.

"சார்! கார்! கார்!" என்று கோவிந்தப்பா அலறினார். அப்பா உடம்பு முழுவதையும் ஒரு பக்கம் சாய்த்துக் கைப்பிடியைத் திருப்பினார். மிஷின் காரின் பம்பரைத் தொடாமல், வேலியோரக் குரோட்டன்ஸ் செடிகளை மட்டும் வாரிக்கொண்டு வளைந்தது. வளைந்து நேராக வந்தது. நேர் எதிரில் இப்போது அம்மா.

நான் ஓடிப்போய் பெட்ரோல் குழாயை மூடிவிட்டேன். மூடினால் நிற்க வேண்டும். நிற்கவில்லை. உள்ளே ஏற்கெனவே இறங்கிய பெட்ரோல் தீரும்வரை அது ஓடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேலேயிருந்து, "ப்ளக்கைப் புடுங்கும்மா! ப்ளக்கு!" என்று மைக்கேல்ராஜ் அங்கிள் கத்தினார். எந்த ப்ளக் என்று நான் தேடினேன். அப்பா கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார், மிஷின் அவரை முன்னால் இழுத்தது. அவருடைய செருப்பு புல்லில் வழுக்கியது. "சரசு, எழுந்துடு! எழுந்துடு சரசு!" என்று கத்தினார். இரண்டு மாதமாக எழுந்திருக்காத ஆளைப் பார்த்துக் கத்தினார்.

அம்மா எழுந்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், பிறகு பிடியை விட்டாள், ஏனென்றால் பிடித்திருந்த கை அவளுக்குத் தேவைப்பட்டது. மடியில் செருகி வைத்திருந்த ரப்பர் செருப்பை இடது கையால் எடுத்து எறிந்தாள். புல்லில் கால் வைப்பதற்காகக் காலையிலேயே கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியாது. மிஷினைப் பார்த்து எறிந்தாளா அப்பாவைப் பார்த்து எறிந்தாளா என்பதில் எங்கள் பிளாட்டில் இன்றுவரை இரண்டு கட்சி இருக்கிறது. செருப்பு பிளேடுக்கு முன்னால் விழுந்தது. உருளை அதை உள்ளே இழுத்தது, பாதி விழுங்கியது, சிக்கிக்கொண்டது. இன்ஜின் ஒரு தடவை உறுமி, இருமி, நின்றது. அம்மாவின் காலுக்கும் பிளேடுக்கும் நடுவில் இன்னொரு செருப்பு வைக்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது.

கோவிந்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவள் கைப்பிடியைப் பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன?"

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "நீ கட்டினதுதான்" என்றார்.

"நான் கட்டினது தெரியுது. இன்னும் இங்க என்ன பண்ணுது?" குனிந்து பார்த்தாள். காடியில் மஞ்சள் கிழங்கு பாதி நசுங்கி, உள்ளே மட்டும் பளபளவென்று மஞ்சளாக இருந்தது. "இதுவா சிக்கிக்கிட்டு இருந்தது? இத்தனை நாளா? கட்டினா அவுக்கறதுக்கு இந்த வீட்டுல ஆள் இல்லையா? நான்தானே விழுந்தேன். நீங்க எல்லாருமா விழுந்தீங்க?"

அம்மா வலது கையை நீட்டி முடிச்சைப் பிடித்தாள். விரல்கள் அதன்மேல் போய் உட்கார்ந்தன, ஆனால் மடங்கவில்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டு, "பல்லால கடிங்க" என்றாள்.

அப்பா மிஷினுக்கு முன்னால் மண்டியிட்டு, அசோசியேஷன் முழுவதும் பார்க்க, லீவரின் அடியில் வாயை வைத்து அந்தக் கயிற்றைக் கடித்து, கிழங்கோடு உருவினார். எழுந்தபோது பல்லெல்லாம் மஞ்சள். துப்பவில்லை. கயிற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கம்பியை, மாடியிலிருந்து இறங்கி வந்த மைக்கேல்ராஜ் அங்கிள் அவிழ்த்தார், செருப்பை நான் உருவினேன், லீவரை இழுத்தால் வந்தது, விட்டால் போனது, பிளேடு சொன்னபடி சுற்றி சொன்னபடி நின்றது. அப்பா அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால் மீதிப் புல்லைக் கோவிந்தப்பா வெட்டினார். முதலில் ஒரு வரிசைதான் என்றார். பிறகு யாரிடமும் கொடுக்கவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பரவாயில்ல சார், சன்னாகிதே. பார்க்கிங் விஷயம் சங்கராந்தி ஆகட்டும், ஆமேலே நோடோணா, அப்புறம் பாக்கலாம். ஆனா வாரா வாரம் இந்தச் சத்தம் எனக்குக் கேக்கணும்" என்றார். அம்மா அதுவரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வெட்டிய புல்லில் வெறுங்காலோடு நின்றாள். வீட்டுக்குள் போகலாமா என்று கேட்டதற்கு, "இரு, குத்துது, நல்லாருக்கு" என்றாள்.

ஆகையால் மாமா, உங்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டே விஷயம். நீங்கள் எடுத்துப்போன பெல்ட்டில் ஒரு குறையும் இல்லை, அதை உடனே அனுப்பிவையுங்கள். எங்களுக்குக் கிரைண்டர் வேண்டும், மாவு வேண்டும், பக்கத்து வீட்டில் கேட்டு அலுத்துவிட்டது. இரண்டாவது, மிஷினைப் பார்க்க இனி வர வேண்டாம், அதற்கு இப்போது கோளாறு எதுவும் இல்லை. அம்மாவைப் பார்க்க வாருங்கள். ஸ்பானர் பை இல்லாமல் வாருங்கள். அன்று அம்மா சொன்னதற்கு நீங்கள் பதில் சொல்லாமல் பாட்டிலை மூடியது அவளுக்கும் நினைவிருக்கிறது. "பாவம், மூஞ்சி சின்னதாப் போச்சு அவனுக்கு" என்று நேற்றுச் சொன்னாள்.

அத்தையின் கைக்கும் உங்கள் காலுக்கும் நரேஷ், கிரண் படிப்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், பையன்களுக்கு என் அன்பு.

உங்கள் அக்கா மகள்,
தர்ஷினி

பின்குறிப்பு: இதை எழுதி ஒட்டாமல் வைத்திருந்ததால் இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை அம்மா மிஷினைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். இவ்வளவு பெரிய கண்டம் தப்பியதற்கு ஒரு பூஜை போட வேண்டும் என்றாள். புதுக் கயிறு, முன்னதைவிடப் பெரிய கிழங்கு. தட்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் கை எட்டுகிற இடம் வலது லீவரின் அடிதான், அங்கேயே கட்டினாள். வலது கையால் கட்டினாள். உள்ளே வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற வரைக்கும் ஆயிற்று, யாரும் போய்ப் பார்க்கவில்லை. முடிச்சு விழுந்தது. கிழங்கு காடிக்குள் விழுந்தது. அப்பா பார்த்தார், நான் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெல்ட் இனி அவசரமில்லை. கிரைண்டரின் பெல்ட்டைக் கிரைண்டருக்கே மாட்டிவிட்டோம்.

இன்று காலை புல் வெட்டினோம். அப்பா மிஷினை ஸ்டார்ட் செய்து, கோவிந்தப்பாவின் ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி சத்தத்தை ஏற்றி, பிளேடு சுற்றாமல் முன்னால் நடந்தார். நானும் மைக்கேல்ராஜ் அங்கிளும் பின்னால் குனிந்து கத்தரியால் வெட்டிக்கொண்டு போனோம். அம்மா எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தாள்.